ஓடாத வண்டிகளின் தலைவர்

பழைய வெளிநாட்டுக் கார் வைத்திருக்கும் ஆண்கள் மேல் எனக்கு மரியாதை கிடையாது. நானும் அப்படி ஒரு காரை வைத்துக்கொண்டு பல வருஷமாக அவர்களோடு மல்லுக்கட்டுகிறேன். அதனால் இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

நான் கால்நடை மருத்துவர். வீடு கோவில்பட்டியில், வேலை புதூர்ப் பக்கத்துக் கிராமங்களில். தடுப்பூசிக் காலத்தில் விடிந்ததும் ஐஸ் பெட்டியோடு கிளம்பி, வெயில் ஏறுமுன் ஆட்டுக் கிடைக்குப் போய்ச் சேர வேண்டும். நான் போக வேண்டிய ஊர்களுக்கு நான் போக வேண்டிய நேரத்தில் பஸ் கிடையாது. அதற்காகத்தான் அந்த இத்தாலிக் காரை வாங்கினேன். மாற்றலாகிப் போன ஒரு வங்கி மேலாளர், வேறு யாரும் சீண்டாததால் என் தலையில் கட்டிவிட்டுப் போனார். அந்த வண்டியை நம் நாட்டில் விற்பதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆனால் கதவைச் சாத்தினால் இரும்புப் பீரோவை மூடுகிற மாதிரி கனமாகச் சாத்தும். எந்தப் பள்ளத்தில் இறங்கி ஏறினாலும் முதுகு நோகாது. எனக்கு அது போதும்.

உதிரிபாகம் கிடைப்பதுதான் பாடு. அதற்காகத் தென்மாவட்டத்துப் பழைய கார்க்காரர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் சேர்ந்தேன். காலையில் கண் விழித்தால் கழுவித் துடைத்த பானெட்டுகளின் படங்கள் வந்து கிடக்கும். ஒருவர் தன் எஞ்சின் உறுமுவதை ஒலிப்பதிவு செய்து போடுவார். மற்றவர்கள் கச்சேரி கேட்டவர்கள் போல உருகுவார்கள். ஜெர்மன்காரனுக்கும் பிரெஞ்சுக்காரனுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். பேசுகிறவர்களில் பாதிப் பேர் தங்கள் வண்டியில் சாத்தூர் வரைகூடப் போனதில்லை.

விற்பனை என்று ஒன்று நடக்கும். அது பெண் கொடுப்பதைவிடச் சிக்கலானது. பக்கக் கண்ணாடி ஒன்று வேண்டும் என்று நான் கேட்டபோது மதுரைக்காரர் ஒருவர் போன் செய்து, வண்டியை எங்கே நிறுத்துவீர்கள், மேலே கூரை உண்டா, யார் ஓட்டுவார்கள், வேகமாக ஓட்டுவார்களா என்று விசாரித்தார். நான்தான் ஓட்டுவேன் என்றேன். "சார் இருந்தா அவர்ட்ட பேசிக்கிடுதேன்" என்றார். என் கணவருக்கு சைக்கிளைத் தவிர வேறு எதுவும் ஓட்டத் தெரியாது. குழுவில் நான் பெண் என்று எத்தனை தடவை சொன்னாலும், அடுத்த கேள்விக்குப் பதில் "டியர் சார்" என்றுதான் தொடங்கும்.

இந்தக் குழுவின் தலைவர் எங்கள் ஊர்க்காரர். தீப்பெட்டித் தொழிற்சாலை முதலாளி. தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு பெரிய கொட்டகை கட்டி, அதில் கார்களைத் துணியுறை போட்டு மூடி வைத்திருந்தார். என்னுடையது போலவே ஒன்றும் அதில் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் ஒவ்வொரு வண்டியையும் ஸ்டார்ட் செய்வார். முதலாளி நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பிறகு அணைத்துவிட்டு மூடிவிடுவார்கள். அவ்வளவுதான் அந்த வண்டிகளின் வாழ்க்கை. சுவரை ஒட்டி ஒரு கண்ணாடி அலமாரி. அதில் உறை பிரிக்காத உதிரிபாகங்கள், நகைக்கடை மாதிரி விளக்குப் போட்டு வைத்திருப்பார்.

போன ஐப்பசிக்குக் கொஞ்சம் முன்னால், புதூரிலிருந்து திரும்பும்போது என் வண்டியில் சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது. பானெட்டிலிருந்து ஆவி கிளம்பியது. வேலிக்கருவை நிழலில் நிறுத்திவிட்டு, ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆட்டுக்காரரின் மோட்டார் சைக்கிளில் ஊர் வந்து சேர்ந்தேன். மெக்கானிக் வண்டியைக் கட்டி இழுத்து வந்து பிரித்துப் பார்த்தார். எஞ்சினுக்குள் தண்ணீரைச் சுற்றவிடும் வாட்டர் பம்பு போய்விட்டது. மதுரையில் இல்லை, திருநெல்வேலியில் இல்லை. குழுவில் கேட்டேன். ஒருவர் கைகூப்பும் படம் போட்டார். ஒருவர் ஒரிஜினல் மட்டுமே போடுங்கள் சார் என்றார். ஒரிஜினலும் இல்லை, டூப்ளிகேட்டும் இல்லை என்றுதானே கேட்கிறேன்!

தலைவரின் அலமாரியில் மூன்று பம்புகள் இருந்தது எனக்குத் தெரியும்; உள்ளூர்க்காரி என்று ஒரு தடவை எனக்குக் கொட்டகையைச் சுற்றிக் காட்டியிருந்தார். நேரில் போனேன்.

"வாங்க டாக்டரம்மா, காபி சாப்பிடுங்க" என்று நன்றாகத்தான் வரவேற்றார். விஷயத்தைச் சொன்னேன்.

"இருக்கு. ஆனா அது என் வண்டிக்குல்லா வச்சிருக்கேன்."

"உங்க வண்டில பம்பு நல்லாத்தான இருக்கு அண்ணாச்சி?"

"இன்னைக்கு இருக்கு. நாளைக்கு?"

"வண்டி ஓடுனாத்தான பம்பு கெடும். உங்க வண்டி கொட்டகைய விட்டே வெளிய வரலியே."

அவர் கோபப்படவில்லை. விவரம் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போலச் சிரித்தார். "அதுக்குப் பேருதான் மெயின்டனன்ஸ் டாக்டரம்மா. நீங்க வண்டிய வேலைக்கு எடுத்துட்டுப் போறீய. அது அந்த வண்டிக்குச் செய்யுத துரோகம். பேசாம அத எங்கிட்ட குடுத்துட்டு ஒரு புது வண்டி வாங்கிக்கோங்க. நான் பத்திரமா பாத்துக்கிடுதேன்."

காபியை வைத்துவிட்டு வந்துவிட்டேன். பார்த்துக்கொள்வாராம்!

மெக்கானிக்தான் இடைசெவலில் ஒரு காட்டில், எங்கள் பக்கம் புஞ்சையைக் காடு என்றுதான் சொல்வோம், இதே வண்டி செத்துக் கிடக்கிறது என்று சொன்னார். பஸ் ஏறிப் போய் விசாரித்தேன். ஊருக்கு வெளியே, கரிசல் புஞ்சையின் நடுவில், களத்தை ஒட்டி வேப்பமரத்தடியில் நின்றது. சக்கரங்கள் அச்சு வரை மண்ணில் புதைந்திருந்தன. பின்கதவைத் திறந்தபடியே கட்டி வைத்திருந்தார்கள். பின் சீட்டில் கோழிகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. ஓட்டுகிறவரின் சீட்டில் ஒரு பூனை இருந்து என்னை முறைத்தது.

காட்டுக்காரி என் வயதுப் பெண். தலையில் துண்டு கட்டியிருந்தாள். நான் ஏதோ கடன் வசூலிக்க வந்தவள் என்று நினைத்துவிட்டாள் போல. களைக்கொத்தியைக் கீழே வைக்காமலே பேசினாள்.

"எங்க கொழுந்தனாரு மெட்ராஸ்ல இருந்து ஓட்டியாந்தாவ. இங்கன வந்து நின்னதுதான். அவிய துபாய் போயிட்டாவ, வண்டி போகல. என்னமும் செஞ்சுக்கோங்க மதினின்னு சொல்லிட்டாவ. நான் கோழிய விட்டுட்டேன்."

"எனக்கு உள்ள இருக்க ஒரு பம்பு மட்டும் வேணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அதுக்கா பஸ் ஏறி வந்தீய?"

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஆனால் டிக்கியில் விதை உளுந்து மூட்டை இருக்கிறது, முன்பக்கம் தட்டினால் கோழி முட்டையை விட்டுவிட்டு எழுந்துவிடும், குஞ்சு பொரித்ததும் வாருங்கள் என்றாள். சரி என்றேன். குஞ்சு பொரிக்கும் வரை நான் ஆட்டோவிலும் கண்டவர் மோட்டார் சைக்கிளிலும் வேலைக்குப் போனேன்.

அவள் சொல்லி அனுப்பிய நாளில் மெக்கானிக்கோடு போனேன். முந்தின நாள் நல்ல மழை. கரிசல் மழையில் நனைந்தால் மண்ணாக இருக்காது, பசையாக மாறிவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தோம். மெக்கானிக் பானெட்டைத் திறக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது ரோட்டில் கார்கள் வந்து நின்றன. தலைவரும் குழுவின் முக்கியஸ்தர்கள் சிலரும். பின்னால் ஒரு கிரேன் லாரி. மெக்கானிக் யாரிடமோ வாயை விட்டிருக்கிறார், அந்த ஆள் வண்டியைப் படம் எடுத்துக் குழுவில் போட்டிருக்கிறார். வந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி வெள்ளை பனியனில் குழுவின் சின்னத்தைப் போட்டிருந்தார்கள். ஒருவர் கழுத்தில் கேமரா.

தலைவர் என்னைப் பார்த்தும் பார்க்காதவர் போல நேராகக் காட்டுக்காரியிடம் போனார். "அம்மா, இது சாதாரண வண்டி இல்ல. இதெல்லாம் அழியக் கூடாது. நாங்க இதக் காப்பாத்த வந்திருக்கோம்."

"கோழியிட்ட இருந்தா?"

கேமராக்காரர் சிரித்துவிட்டார். தலைவர் சிரிக்கவில்லை. முழு வண்டியையும் விலைக்கு எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். அவள் என்னைக் கையால் காட்டினாள்.

"டாக்டரம்மா மொத ஆளா வந்து ஒரு சாமான் கேட்டாவ. தாரேன்னு சொல்லிட்டேன். அத அவிய எடுத்துக்கிடட்டும். மிச்சத்த நீங்க கொண்டு போங்க. எனக்கு எடம் கெடச்சாச் சரி."

"ஒரு சாமான் கொறஞ்சாலும் வண்டி ஒரிஜினல் இல்லம்மா!"

நான் பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. "உங்க கண்ணாடி அலமாரில மூணு பம்பு இருக்குல்லா அண்ணாச்சி. ஒண்ண எடுத்து இதுல மாட்டிருங்க."

"அது என் வண்டிக்கு..."

"இனிமே இதுவும் உங்க வண்டிதான?"

வந்தவர்கள் எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள். வெளியூர்க்காரர்களைத் தலைவர் கொட்டகைக்குள் விட்டதில்லை; அவரிடம் மூன்று பம்பு இருப்பது அதுவரை அவர்களுக்கே தெரியாது. நான் குழுவில் கேட்டபோது கைகூப்பும் படம் போட்ட மனிதர்தான் முதலில் வாயைத் திறந்தார். தனக்கும் ஒரு பம்பு வேண்டும் என்று தலைவரிடம் ஒரு வருஷமாகக் கெஞ்சுகிறாராம். தலைவர் இல்லவே இல்லை என்றாராம். இரண்டு பேரும் வரப்பில் நின்று தடித்த குரலில் பேசிக்கொண்டார்கள். குஞ்சுகளோடு இருந்த தாய்க்கோழிகூட எட்டிப் பார்த்தது.

பேச்சை மாற்றத்தான் இருக்க வேண்டும், தலைவர் லாரி டிரைவரைப் பார்த்து உள்ளே விடு என்று கை காட்டினார். டிரைவர் தயங்கினார்.

"ஈரம் காயல. உள்ள விடாதீய. நாலு நாள் கழிச்சு வாங்க" என்றாள் காட்டுக்காரி.

"நாலு நாள்ல வேற எவனாவது தூக்கிட்டுப் போயிருவான். நீ விடுய்யா."

லாரி ரோட்டிலிருந்து இறங்கிக் கொஞ்ச தூரம் வந்தது. பிறகு பின்சக்கரம் சும்மா சுற்றியது. டிரைவர் முறுக்க முறுக்க அது உள்ளேதான் போனது. வெள்ளை பனியன்காரர்கள் தள்ளப் போனார்கள். சக்கரம் அள்ளி வீசிய சேற்றில் குழுவின் சின்னம் ஒருவர் நெஞ்சிலும் தெரியவில்லை. தலைவரின் வெள்ளை ஷூ ஒன்று மண்ணிலேயே நின்றுகொண்டது. கால் மட்டும் வெளியே வந்தது.

காட்டுக்காரி கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "ஓடாத வண்டிக்கு எதுக்கு இத்தன பேரு ஓடியாரீய?" என்று கேட்டாள். அந்த 'இத்தனை பேரில்' என்னையும் சேர்த்துத்தான் கேட்டாள். "டிராக்டரு பசுவந்தனைக்குப் போயிருக்கு. வரும்போது வரும். வரப்பு மேல இருங்க, உளுந்த மிதிக்காதீய" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

இதற்கிடையில் மெக்கானிக் பெல்ட்டை அறுத்துப் பம்பைக் கழற்றியிருந்தார். கையால் சுற்றிப் பார்த்து, தேறும் என்றார். நான் அதைச் செய்தித்தாளில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அவர் மோட்டார் சைக்கிளில் ஊருக்கு வந்தேன். வழியெல்லாம் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு துருப்பிடித்த இரும்புக்கு இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கே கேவலமாகவும் இருந்தது.

வண்டி ஓடியது. இன்னும் ஓடுகிறது. தலைவர் பிறகு காய்ந்த நிலத்தில் லாரி விட்டு அந்தச் செத்த வண்டியைக் கொண்டுபோய், மாலை போட்டுப் படம் எடுத்துக் குழுவில் போட்டார். மீட்டெடுத்த பெருமையைப் பற்றிப் பெரிய கட்டுரை. சேற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. எல்லாரும் வாழ்த்தினார்கள், வரப்பில் நின்று சண்டை போட்டவர் உட்பட. நான் குழுவை விட்டு விலகவில்லை. விலக முடியாது, பின் பிரேக்குக்கு இன்னும் சாமான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

இந்த வருஷம் தலைவருக்குக் கார் மேல் இருந்த மோகம் தீர்ந்துவிட்டது. அத்தனையையும் அலமாரியோடு ஒரு கோயம்புத்தூர்க்காரருக்குக் கொடுத்துவிட்டார். இப்போது நாட்டு நாய். போன மாதம் எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது. நாய் சோர்ந்து கிடக்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்றார். அது என் தொழில், போனேன்.

அதே கொட்டகைக்கு ஏசி போட்டிருந்தார். மெத்தையில் ஒரு சிப்பிப்பாறை நாய் படுத்திருந்தது. முயலைத் துரத்திப் பிடிக்கிற இனம். விலா எலும்பு தெரிய, வயிறு ஒட்டி இருக்க வேண்டும். இது தலையணை மாதிரி இருந்தது.

"நோய் ஒண்ணும் இல்ல அண்ணாச்சி. கொழுப்பு. தெனம் அவுத்து ஓட விடுங்க."

அவர் பதறிப்போனார். "ஓடுனா கால் கெட்டுராதா? ஒரிஜினல் ரத்தம் டாக்டரம்மா, இது."

நான் பூச்சி மாத்திரை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். நாய் வாசல் வரை கூடவே வந்தது. பையை வைக்கக் காரின் பின்கதவைத் திறந்ததும், அந்தக் கனத்த உடம்பைத் தூக்கிக்கொண்டு ஒரே தாவில் சீட்டில் ஏறி, முன்னால் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. இறக்குவதற்கு இரண்டு பேர் வர வேண்டியிருந்தது.