இல்லாத சிவப்புப் பாலம்

கனடாவிலிருந்து வந்திருந்த அண்ணைக்கு ஹோட்டன் சமவெளிக்குப் போயே ஆகவேண்டும் என்று ஒரே பிடிவாதம். கோப்பாயிலிருந்து வாடகைக்கு வான் பிடித்துப் போய் நுவரெலியாவில் தங்கி, அடுத்த நாள் காலையில் பூங்கா வாசலில் நின்றோம். அங்கே உத்தியோகத்தர்கள் எங்கள் பைகளைத் திறந்து, சாப்பிடக் கொண்டுவந்த பாண் சுற்றியிருந்த பொலித்தீனை எடுத்துவிட்டுக் கடதாசி தந்தார்கள். தண்ணீர்ப் போத்தலின் லேபிளைக்கூட உரித்தார்கள். அண்ணைக்குச் சிரிப்பு வந்தது. நான் குளிரில் நடுங்கிக்கொண்டே அவசரப்பட்டேன். ஆறு வயதில் பார்த்த நீர்வீழ்ச்சியை இரண்டாம் தடவை பார்க்கப் போகிறேன் அல்லவா.

நான் ஆசிரியை. ஆறுகள் பற்றிய பாடம் வரும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு அந்த நீர்வீழ்ச்சியைச் சொல்லுவேன். அப்பாவின் தோளில் இருந்து பார்த்தது. சிவப்புப் பூச்சுப் பூசிய இரும்புப் பாலம். தெறித்த தண்ணீரில் மூக்குக்கண்ணாடி நனைந்து, அப்பா ஒன்றும் தெரியாமல் தடவிக்கொண்டு நின்றது. பிள்ளைகள் அந்த இடத்தில் சிரிப்பார்கள்.

வேர்களும் சேறுமாய் இருந்த சரிவில் மெல்ல மெல்ல இறங்கினோம். காதுக்குத்தான் முதலில் தண்ணீர் வந்தது. பிறகு மரங்கள் விலகின. கறுத்த பாறையில் வெள்ளை வெளேரென்று, நான் நினைத்ததைவிட அகலமாய் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் நின்றது ஒரு மரமேடையில்.

“பாலத்தைக் கழட்டிப் போட்டாங்கள் போல, அண்ணை.”

“எந்தப் பாலம்?”

“அந்தச் சிவப்புப் பாலம். அப்பாவோடை வரேக்கை நிண்டமே.”

அண்ணை என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “நீ எங்கை வந்தனி? உனக்கு அப்ப கொப்புளிப்பான். அம்மாவோடை வீட்டிலை எல்லே நிண்டனி.”

“விசர்க்கதை கதையாதேங்கோ. நான் அப்பாவின்ரை தோளிலை இருந்தனான்.”

“வாசல் படலையைப் பிடிச்சுக்கொண்டு நீ கத்தின கத்தல் இப்பவும் என்ரை காதிலை கேக்குது.”

படலையும் எனக்கு ஞாபகம் இருந்தது. அழுதது, உடம்பெல்லாம் கொப்புளம் போட்டுக் கடித்தது, எல்லாம் ஞாபகம் இருந்தது. ஆனால் அது வேறு ஏதோ பயணம் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பக்கத்தில் நின்ற காவலாளியிடம் எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் கேட்டேன். அப்படி ஒரு பாலம் இங்கே இருந்ததாகத் தான் கேள்விப்படவே இல்லை என்று அவர் சொன்னார்.

அண்ணை மேடையின் விளிம்புக் கட்டையில் சாய்ந்துகொண்டார்.

“உண்மையைச் சொல்லுறன், பிள்ளை. நானும் இண்டைக்குத்தான் இதைப் பாக்கிறன்.”

எனக்கு விளங்கவில்லை.

“நுவரெலியா மட்டும்தான் போனனாங்கள். ஒரே மழை. றோட்டிலை மண் சரிஞ்சு போச்சு. அப்பாவின்ரை கூட்டாளி வீட்டிலை ரெண்டு நாள் இருந்திட்டுத் திரும்பி வந்திட்டம். வந்தா நீ பாயிலை படுத்துக்கொண்டு, ‘எப்பிடி இருந்தது, எப்பிடி இருந்தது’ எண்டு கேட்டுக்கொண்டே இருந்தாய். மழை பாத்தனாங்கள் எண்டு சொல்ல எனக்கு மனம் வரேல்லை. கிடந்ததெல்லாம் கட்டிச் சொன்னன்.”

“அப்பாவின்ரை கண்ணாடி?”

“அதும் நான் சொன்னதுதான்.”

அப்பா இறந்து பதினெட்டு வருடம். அவரை நினைத்தாலே அந்த நனைந்த கண்ணாடிதான் எனக்கு முதலில் வரும். இனி அந்த முகத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. பத்து வயதுப் பெடியன் ஒருவன் நோயாளித் தங்கச்சிக்குப் பக்கத்தில் இருந்து அவ்வளவையும் கட்டியிருக்கிறான் என்று நினைக்க நெஞ்சு இளகியது. என்னிடமிருந்து எதையோ பறித்துவிட்டார் என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில். தோளில் என்னை ஏற்றியது யார்? அண்ணை அதைச் சொல்லவில்லையாம். அப்படியென்றால் நானே ஏறியிருக்கிறேன்.

“கோவமோ?” என்று அண்ணை கேட்டார்.

“தெரியேல்லை, அண்ணை.”

உண்மையாகவே தெரியவில்லை. கடதாசியைப் பிரித்து ஆளுக்கொரு துண்டு பாண் எடுத்தோம். தூவானத்தில் அது நனைந்து பிய்ந்தது. இருந்தாலும் சாப்பிட்டோம்.