கைராசி என்று சொல்பவர்களுக்கு

ஸ்கேன் டாக்டர் மெகருன்னிஸா மறைந்த செய்தி எனக்கு ஒரு பேனராக வந்தது. கும்மிடிப்பூண்டி பஜாரில், அவர் படத்துக்குக் கீழே ‘கைராசி டாக்டருக்குக் கண்ணீர் அஞ்சலி’ என்று போட்டிருந்தார்கள். எனக்கு வந்த கோபத்தைக் குழாய் வைத்து எடுத்திருந்தால் இங்குள்ள இரும்பாலைகளின் உலைகளெல்லாம் ஒரு மாதம் எரிந்திருக்கும்.

கைராசியாம். பேனர் வைத்தவர்களில் பாதிப் பேர் அவரை ‘அவசரக்காரி’ என்று திட்டியவர்கள். அந்தப் படைக்குத் தளபதி நான்.

மூன்று வருடங்களுக்கு முன் என் அக்கா மகள் செல்விக்கு எட்டாம் மாதம் தொடங்கிப் பத்து நாள் ஆகியிருந்தது. ரத்த அழுத்தம் கூடி, கால் வீங்கி, வயிற்றில் பிள்ளை வளராமல் நின்றுவிட்டது. டாக்டர் தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை ஸ்கேனில் பார்த்துவிட்டு, அன்றைக்கே சென்னைக்குக் கொண்டுபோய்ப் பிள்ளையை எடுக்க வேண்டும் என்றார். ஏழில் பிறந்த பிள்ளை பிழைக்கும், எட்டில் பிறந்தது தங்காது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். நாலு ஊர்ச் சொந்தத்தைத் திரட்டிக்கொண்டு போய் நின்றேன்.

“ஒன்பது பொறக்கட்டும் டாக்டரம்மா. இருவது நாளுதானே, இன்னா அவசரம்?”

அவர் என்னை உள்ளே அழைத்து மெஷினின் சத்தத்தைக் கூட்டினார். புஸ் என்று வந்தது. பிறகு ஒன்றுமில்லை. மறுபடி புஸ்.

“நடுவுல ஒண்ணுமே இல்லாம கீதே, கேக்குதா? ஒவ்வொரு துடிப்புக்கு நடுவுலயும் புள்ளைக்கு ரத்தம் போவாம நிக்குது, எளாவூர் செக்போஸ்ட்ல லாரி நிக்கிற மாதிரி. அடுத்து அது திரும்பி ஓட ஆரம்பிச்சிடும். ஒன்பதாம் மாசத்துக்கு நீங்க வரலாம் அண்ணா, புள்ள வராது.”

“எட்டாம் மாசமாச்சே...” என்று அக்கா இழுத்தார்.

“உங்க காலண்டரைப் பாத்துக்கினு வளர்ற புள்ள இல்லம்மா இது. திட்றதுன்னா ஆம்புலன்ஸ்ல ஏறிக்கினு திட்டுங்க.”

ஏறினோம். திட்டினோம். அவரும் கூடவே வந்து கேட்டுக்கொண்டார். பிள்ளை பாதிச் செங்கல் எடைதான் இருந்தது. கண்ணாடிப் பெட்டியில் ஒன்றரை மாதம் கிடந்து பிழைத்தது. இன்று அவள் என் மீசையைப் பிடித்து ஆந்திர எல்லைவரை இழுத்துப் போகிறாள்.

அதே வருடம் எங்கள் தெருவில் இன்னொரு வீட்டார் டாக்டர் சொல்லியும் கேட்காமல் ஒன்பது பிறக்கட்டும் என்று காத்திருந்தார்கள். பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ‘அந்தம்மாவுக்கு அன்னிக்குக் கைராசி இல்ல’ என்றார்கள்.

ராசி என்று சொல்லிவிட்டால், அவர் பார்த்ததும் அளந்ததும் நம்மோடு சண்டை போட்டதும் மறைந்துபோகின்றன. பேச்சைக் கேட்காத நம் குற்றமும் அதோடு மறைந்துபோகிறது. நமக்கு எவ்வளவு சௌகரியம்.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த அவசரத்தைத்தான். மணவாள நகரில் கர்ப்பமாக இருக்கும் என் சம்பந்தி வீட்டுப் பெண்ணை உடனே ஆஸ்பத்திரியில் சேரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டார் நல்ல நாள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அங்கே போக வாசலில் ஆட்டோ வந்துவிட்டது. டாக்டரைப் பற்றிச் சொல்ல இன்னும் எவ்வளவோ உண்டு. அது காத்திருக்கும்.