பத்தாவது சுற்று வரை

எங்கள் குடும்பத்தில் பதினேழு பேர், எந்த வேலையும் செய்யாமல், வெறுமனே நாற்காலியில் உட்கார்ந்தே களைத்துப்போனது ஒரே ஒரு நாள்தான். எனக்கு அப்போது பத்து வயது. முழுப்பரீட்சை முடிந்து பள்ளி விட்டிருந்தார்கள்.

தென்மாவட்டங்களுக்கென்று ஒரு தொழில்முறை வாலிபால் லீக் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. மொத்தம் ஆறு அணிகள். ஊர்த் திருவிழாக்களிலும் கல்லூரிகளிலும் சம்பளமில்லாமல் ஆடிக்கொண்டிருக்கும் பையன்களிலிருந்து அணிக்குப் பத்துப் பேரை ஆண்டுதோறும் எடுப்பார்கள். ஏலம் கிடையாது. பெயர்ப்பட்டியலை வைத்துக்கொண்டு அணிகள் முறைவைத்து ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். இப்படிப் பத்துச் சுற்று. கடிதத்தில் டிராஃப்ட் என்று போட்டிருந்தது. பெரியப்பா ஆள் எடுப்பு என்றார். எங்கள் வீட்டில் அந்தப் பெயரே நிலைத்தது.

அந்த ஆண்டுப் பட்டியலில் பெரியப்பாவின் மகன் இருந்தான். எனக்கு அண்ணன். அவன் செட்டர், அடிப்பவனுக்கு வாகாகப் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன். எங்கள் ஊர் மார்க்கையன்கோட்டையில் கைதட்டெல்லாம் அடிப்பவனுக்குத்தான். ஒருமுறை ஆட்டம் பார்க்க வந்த பெரியம்மா, “ஏன்டா, நீ ஒருதடவகூட அடிக்கலையே, எல்லாத்தையும் அடுத்தவனுக்கே குடுத்துட்டயே” என்று வழியெல்லாம் வருத்தப்பட்டுக்கொண்டு வந்தாள்.

கல்லூரி முடித்த பிறகு அவனுக்கு ஓராண்டு தவணை கொடுத்திருந்தார் பெரியப்பா. அன்று எடுபட்டால் ஆடப் போகலாம். எடுபடாவிட்டால் திங்கட்கிழமை முதல் குமுளியில் பெரியம்மாவின் தம்பி வைத்திருந்த ஹார்டுவேர் கடையில் நிற்க வேண்டும். இருவரும் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது. வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

வீரருடன் குடும்பத்தினர் இருவர் வரலாம் என்றது கடிதம். இருவர் என்பது சாப்பாட்டுக் கணக்கு, பார்ப்பதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும் போகலாம் என்று பெரியப்பா பொருள் சொன்னார். எனவே ஒரு வேன் பிடித்தோம். பெரியம்மா தன் பங்குக்கு ஒரு தாம்பாளம் தயார் செய்தாள். பையனைத் தங்கள் அணிக்கு எடுத்துக்கொள்ள வருகிறவர்களை வெறுங்கையோடு பார்ப்பது எப்படி என்பது அவள் கவலை. தேங்காய், வெற்றிலை பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம், மேலே இரண்டு கிலோ கம்பத்துப் பன்னீர் திராட்சை. எந்த அணி எடுக்கும் என்று தெரியாததால் தட்டு அவள் மடியிலேயே இருந்தது.

ஆள் எடுப்பு அல்லிநகரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மேடையில் ஆறு மேசைகள். பின்னால் முந்தின நாள் கல்யாணத்தின் தெர்மோகோல் எழுத்துகளை யாரும் எடுக்கவில்லை. யாரோ ஒரு மணமகன், மணமகள் பெயர்களுக்குக் கீழேதான் அன்று முழுவதும் வாலிபால் வீரர்கள் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

போன ஆண்டு கடைசியாக வந்த அணி முதலில் எடுக்கும் என்று அறிவித்ததும் பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தோத்தவனுக்கு மொதப் பந்தியா? நல்லாருக்குடா ஒங்க நாயம்.”

“அப்பத்தானண்ணே அடுத்த வருசம் அவனும் நிமிர்வான்” என்றார் அப்பா.

“நிமிர்ந்தான். இதுக்குன்னே தோப்பான் பாரு.”

அந்த அவநம்பிக்கையில்தான் என்னை எழுத வைத்தார். “ஆத்தா, ஒண்ணு விடாம எழுதிக்க. மேடையில ஒண்ணச் சொல்லிட்டுப் பின்னால மாத்திருவாக” என்றார். நான் ஒரு கோடு போட்ட நோட்டு கொண்டுபோயிருந்தேன். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. வரிசை எண், பெயர், ஊர், அணி, ஆடும் இடம் என்று பத்தி பிரித்தேன். ஓர் அணி இரண்டு செட்டர்களுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று வேனில் வரும்போதே அண்ணன் சொல்லியிருந்தான். அதாவது பன்னிரண்டு இடம். அதனால் செட்டர் யாராவது எடுபட்டால் அந்த வரியின் இடது ஓரத்தில் ஒரு வட்டம் போட்டேன்.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பொன்னாடை, ஒரு பனியன், ஒரு புகைப்படம், அணி உரிமையாளரின் இரண்டு வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை ஒருமுறைகூட இரண்டாக இருந்ததில்லை. முதல் சுற்றில் எல்லோருக்கும் கைதட்டினோம். இரண்டாவது சுற்றில் நம் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மட்டும் தட்டினோம். நான்காவதில் அத்தை தூங்கிவிட்டாள்.

எனக்குத் திராட்சை வேண்டியிருந்தது. கேட்டேன். “எடுத்தவுகளுக்குக் குடுத்த பெறகுதான்” என்று பெரியம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஆனால் அவளுக்கு மறுபக்கம் உட்கார்ந்திருந்த அண்ணன் ஒன்றைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். சற்று நேரம் கழித்து இன்னொன்று. “தட்டுல கை வைக்காதடா” என்று கையில் ஒரு தட்டுத் தட்டினாளே தவிர, தடுக்கவில்லை. இது அநியாயம் என்று பட்டது. சாயங்காலம் அம்மாவிடம் ஆதாரத்தோடு சொல்வதற்காக, அவன் ஒன்று எடுக்கும் ஒவ்வொரு தடவையும் நான் எழுதிக்கொண்டிருந்த வரிக்கு நேரே வலது ஓரத்தில் ஒரு சிறு கோடு போட்டேன். மேலே ‘அண்ணன் தின்றது’ என்று தலைப்பும் கொடுத்தேன். சில சமயம் அரைமணி நேரம் தொடமாட்டான். சில சமயம் அடுத்தடுத்து இரண்டு.

ஆறாவது சுற்று முடிந்ததும் மதியச் சாப்பாட்டுக்கு விட்டார்கள். நோட்டில் குறுக்கே ஒரு கோடு இழுத்து ‘மதியச் சாப்பாடு’ என்று எழுதினேன். எங்களுக்கு இரண்டு டோக்கன்தான். ஆனால் அம்மா புளியோதரை கட்டி வந்திருந்தாள். மண்டபத்துக்கு வெளியே வேன் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். எங்கள் பின்வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்த ஒருவனையும் பெரியம்மா கூப்பிட்டு இலை போட்டாள். வருசநாட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவன். அவனும் செட்டர்தான். அண்ணனைவிட நல்ல உயரம். வீட்டிலிருந்து யாரும் வரவில்லையா என்று கேட்டதற்கு, “காட்டுல கொட்டமுந்திரி எடுக்குற சமயம் அத்தே, யாரு வருவாக” என்று சொல்லிவிட்டு வேகமாகச் சாப்பிட்டான்.

அப்போதுதான் கோட்டயத்திலிருந்து வந்திருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். அங்கே ஒரு கல்லூரி அணிக்குப் பயிற்சியாளர். காலையிலிருந்து ஓரமாக நின்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருந்தவர். அண்ணனிடம் நேராகப் பேசினார்.

“மோனே, தேவாரம் டூர்னமென்ட்ல நீ ஆடுனது ஞான் கண்டிருக்கேன். எனக்கு ஒரு செட்டர் வேணும். மேல்படிப்பு, ஹாஸ்டல், சாப்பாடு எல்லாம் காலேஜ் பாத்துக்கும். பக்ஷே நாளைக்குக் காலையில ட்ரயல், அதோட குளோஸ். மூணு மணிக்கு எங்க வண்டி கிளம்பும். கூட வா.”

“இங்க பேரு கூப்பிட்டா?” என்றார் பெரியப்பா.

“கூப்பிடும்போது ஆள் ஹால்ல இருக்கணும், சேட்டா. இல்லேன்னா அடுத்த ஆளு.”

அத்தை கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல் இருந்தாள். பெரியம்மா தட்டை மடியில் வைத்துக்கொண்டேதான் சாப்பிட்டிருந்தாள். அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். அண்ணன் எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டுக் கடைசியில் என் பக்கம் திரும்பினான்.

“பாப்பா, ஒன் நோட்டப் பாத்துச் சொல்லு. செட்டருக்கு இன்னும் எத்தன எடம் கெடக்கு?”

நான் பக்கங்களைத் திருப்பி வட்டங்களை எண்ணினேன். பதினொன்று. பன்னிரண்டில் பதினொன்று போனால் ஒன்று. தலையைத் தூக்கியபோது எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு களைத்த முகங்களை நான் அதற்கு முன் மொத்தமாகப் பார்த்ததில்லை. ஒன்று என்று சொல்ல வாய் வரவில்லை.

“நாலுண்ணே” என்றேன்.

“நாலா?” என்றார் கோட்டயத்துக்காரர். என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். நோட்டை வாங்கிப் பார்த்துவிடுவார் என்று மூடிக்கொண்டேன். ஆனால் அவரும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை.

“நாலு கெடக்காம்ல, சார். இங்கனயே பாத்துக்கிறேன்” என்றான் அண்ணன்.

அவர் அண்ணன் தோளில் கையை வைத்து, சற்று நேரம் எடுக்காமல் இருந்தார். “சரி மோனே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“நாலு கெடக்கையில நம்ம எதுக்குக் கோட்டயம் போகணும்?” என்றார் பெரியப்பா. எல்லோரும் மறுபடி சாப்பிடத் தொடங்கினார்கள்.

மாலை நான்கு சுற்றுகளும் எனக்குச் சரியாக நினைவில்லை. ஏசி நின்று ஜெனரேட்டர் போட்டார்கள். அதுவும் நின்றது. மேடையில் பொன்னாடைகள் தீர்ந்துபோய், போட்டதையே மடித்துக் கொண்டுவந்து மறுபடி போட்டார்கள். எடுபட்டவர்களின் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப்போக, மண்டபத்தில் எடுபடாதவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களும் மட்டும் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருந்தோம். திராட்சை கசங்கி நீர்விட்டு வாழைப்பழத்தில் இறங்கியிருந்தது. ஆனாலும் நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஏழு, எட்டு, ஒன்பது என்று மூன்று சுற்றிலும் ஒரு வட்டம்கூட இல்லை. அண்ணனும் தட்டைத் தொடவில்லை.

பத்தாவது சுற்றில், கடைசிக்கு முந்தின பெயராக, மைக்கில் “செட்டர்” என்றார்கள். எங்கள் வரிசை முழுவதும் நிமிர்ந்தது. பெரியம்மா தட்டோடு எழுந்தே விட்டாள்.

“ஊர், வருசநாடு.”

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அவன் எங்களைத் தாண்டிப் போகும்போது அண்ணன் எட்டி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். பிறகு தட்டிலிருந்து ஒரு திராட்சையைப் பிய்த்து, தான் தின்னாமல், என் கையில் வைத்தான். எனக்குக் கொடுத்தது திருட்டில் சேராது என்பதால் நான் அதற்குக் கோடு போடவில்லை.

பெரியம்மா உட்காரவில்லை. வருசநாட்டுக்காரன் மேடையிலிருந்து இறங்கி, பொன்னாடையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது, நேராகப் போய்த் தட்டை நீட்டினாள்.

“எனக்கா, அத்தே?”

“எடுத்தவுகளுக்குன்னு கொண்டாந்தது. எடுபட்டவனுக்குக் குடுத்தா என்ன, ஆகாதா? பிடிய்யா.”

வேன் சின்னமனூர் தாண்டியதும் முன்சீட்டிலிருந்து பெரியப்பா திரும்பாமலே கேட்டார்: “நாலு எடம்னு சொன்னயே, ஆத்தா?”

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் சொன்னான்: “அவ சரியாத்தான்ப்பா சொன்னா. சாப்பாட்டுக்குப் பெறகு ரூல மாத்திட்டாக.”

“நான்தான் காலையிலயே சொன்னேன்ல” என்றார் பெரியப்பா. அவர் குரலில் ஒரு நிம்மதிகூட இருந்தது. “சரி. திங்கக்கெழம மொத பஸ்ஸு.”

அண்ணன் அந்த முதல் பஸ்ஸில் போனான். மாமாவுக்குப் பிறகு அந்தக் கடை அவனுடையதாயிற்று. நான் படித்தேன், வேலைக்குப் போனேன். பிறர் எழுதிய மென்பொருளில் பிழை தேடிப் பட்டியல் போடுவது என் வேலை. ஆனால் கோட்டயத்தை அவனிடமிருந்து பறித்தது என் வாயிலிருந்து வந்த ஓர் எண் என்பதை மட்டும் இத்தனை ஆண்டுகளாக யாரிடமும் சொல்லவில்லை. போன மாதம் எங்கள் வீட்டு வேலைக்குக் குழாய் வாங்கக் குமுளி போனபோது, கடையில் கூட்டம் குறைந்த ஒரு நேரத்தில் சொல்லிவிட்டேன்.

“அன்னைக்கு நாலு இல்லண்ணே. ஒண்ணுதான் இருந்துச்சு.”

அவன் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான். தராசு நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தான்.

“இத இப்பத்தான் கண்டுபிடிச்சயாக்கும்? என் திராட்சையவே எண்ணிக் கோடு போட்டவ நீ. அதுல தெரியலையா?” என்றான். அதற்குள் ஒருவர் பெயின்ட் கேட்டு வந்தார். அவன் உள்ளே போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக் கோட்டுக்கு மேலே, இடது ஓரத்தில் பதினொரு வட்டங்கள். வலது ஓரத்தில் பதினொரு கோடுகள். ஒவ்வொரு வட்டத்துக்கும் நேர் எதிரே, அதே வரியில், ஒரு கோடு. நடுவில் பெயர்களையும் ஊர்களையும் பிழையில்லாமல் எழுதியிருக்கிறேன். இரண்டு ஓரங்களையும் தனித்தனியாகக் கூட்டிக் கீழே எண்ணும் போட்டிருக்கிறேன். ஒன்றை ஒன்றோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று பத்து வயதில் எனக்குத் தோன்றவில்லை. திராட்சையால் எண்ணி விடை தெரிந்துவைத்திருந்த ஒருவன், எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு எதற்காக என்னிடம் கேட்டான் என்று யோசிக்கவும் தோன்றவில்லை.

பன்னிரண்டாவது வட்டத்துக்கு எதிரே மட்டும் ஒன்றுமில்லை. அந்தத் திராட்சையை நான் தின்றேன். நாள் முழுக்கப் புழுக்கத்தில் கிடந்ததால் நல்ல இனிப்பாக இருந்தது.