சின்னப்பொண்ணு சொல்லாமல் விட்ட வேலை

வெள்ளிமலையில் பஸ்ஸை விட்டு இறங்கி, ஜீப் போகும் தடத்தில் இரண்டு மைல் நடந்தால் சின்னப்பொண்ணுவின் வீடு வரும். மகன் அய்யனாருக்குப் பத்து வயது. பிரசவத்தில் மூச்சுத் திணறி மூளை பாதிக்கப்பட்ட பிள்ளை. கழுத்து நிற்காது, விரல்கள் மடங்கியே இருக்கும், பேச்சு வரவில்லை. கணவன் சடையன் வருஷத்தில் எட்டு மாதம் குடகில் மிளகுத் தோட்டத்தில் இருப்பான். அந்த ஊரில் பாதி வீடுகளில் புருஷனும் பெண்சாதியும் சேர்ந்துதான் போவார்கள். சின்னப்பொண்ணு போகாமலிருந்ததற்குக் காரணம், அய்யனாருக்கு மாதாமாதம் வந்த அரசாங்கப் பராமரிப்புத் தொகை. பெரிய தொகை ஒன்றுமில்லை. அது வந்ததால் அவளால் பிள்ளையோடு இருக்க முடிந்தது, அவ்வளவுதான்.

இதைப் போனில் எனக்குச் சொன்னவள் என் சின்னம்மா மகள் அஸ்ரப் நிஷா. சங்கராபுரத்திலிருந்து புதன்கிழமைதோறும் மலைக்குப் போய், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பயிற்சி கொடுக்கும் டீச்சர். கடல் தாண்டி உட்கார்ந்திருக்கும் என்னைப் போன்றவனுக்குக் கெட்ட செய்தி இருந்தால் முதலிலேயே தெரிந்துவிட வேண்டும். "பையனுக்கு ஒண்ணும் ஆவலியே? அதச் சொல்லிட்டுக் கதையச் சொல்லு" என்றேன். "கம்முனு கேளு" என்றாள்.

போன வருஷம் அந்தத் தொகைக்கான விதி மாறியது. பழைய மருத்துவச் சான்று செல்லாது. டாக்டர் மறுபடி பார்த்து, கடுமையான பாதிப்பு என்று எழுதினால்தான் தொகை தொடரும். வெள்ளிமலையிலேயே முகாம் போட்டார்கள்.

இருபது நாள் முன்பே சின்னப்பொண்ணு தயாராக ஆரம்பித்தாள். அதுதான் வினையாகிவிட்டது. வெளியாள் முன்னால் பிள்ளையை அழுக்கும் எச்சிலுமாகக் கொண்டுபோய் நிறுத்தினால் அந்த ஊரில் தாய்க்குத்தான் பேச்சு விழும். சாமை மூட்டையில் சாய்த்து, இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டிச் செருகி, கொஞ்ச நேரமாவது உட்காரப் பழக்கினாள். முகாமன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, புதுச் சட்டை போட்டு, முதுகில் கை கொடுத்து டாக்டர் முன்னால் உட்கார வைத்தாள்.

"சாப்பிடறானா?"

"நல்லா சாப்புடுவான்ங்க."

"வேணுங்கிறதைச் சொல்லுவானா?"

"எல்லாம் சொல்லுவான்ங்க. எனக்குப் புரியும்."

பின்னால் நீண்ட வரிசை. டாக்டர் 'மிதமான பாதிப்பு' என்று எழுதினார். பிள்ளையை நன்றாக வைத்திருப்பதாக அவர் சொன்னதை வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் சின்னப்பொண்ணு.

தொகை நின்றது. சடையன் போன் செய்தான். "அவனக் கீழ ஏதாச்சும் இல்லத்துல வுட்டுட்டு நீ இங்க வந்துடு. நானும் எத்தினி நாளு ஒண்டியா சமாளிக்கிறது?"

அடுத்த புதன்கிழமை அஸ்ரப் நிஷா போனபோது சின்னப்பொண்ணு துணிமணிகளைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சின்னப்பொண்ணு, நல்லா சாப்புடறான்னு சொன்னியாமே. யாரு ஊட்டறது?"

"நான்தான்."

"எவ்ளோ நேரம்?"

"முக்கால் மணி ஆவும். அவசரப்பட்டா பொரை ஏறிடும்."

"இத டாக்டராண்ட சொன்னா இன்னா?"

"அவரு அவனப் பத்திதானே கேட்டாரு டீச்சர். நான் பண்றத எதுக்குக் கேக்கப் போறாரு? எங்க வூட்டுலயே யாரும் கேட்டதில்ல."

அஸ்ரப் நிஷா அங்கேயே உட்கார்ந்து மறுபரிசோதனைக்கு மனு எழுதினாள். கள்ளக்குறிச்சிக்கு வரச்சொல்லித் தேதி வந்தது. கஞ்சியைக் கொண்டுபோய் டாக்டர் முன்னால் ஊட்டிக் காட்ட வேண்டும் என்றதும் சின்னப்பொண்ணு முரண்டு பிடித்தாள்.

"புள்ள துன்றத நாலு பேரு பாக்குறதா? கண்ணு பட்டுடும்."

"பட்டா நான் சுத்திப் போடறேன்."

"பாய் வூட்டுல கூட சுத்திப் போடுவீங்களா?"

"மொளகா எல்லா வூட்டுலயும்தான் இருக்கு. கெளம்பு."

மலைப்பாதை வளைவுகளில் பிள்ளை வாந்தியெடுத்தான். சட்டையைத் துவைத்துக் காயவைத்துத்தான் உள்ளே போவேன் என்றாள் சின்னப்பொண்ணு. "அப்படியே வா" என்று அஸ்ரப் நிஷா இழுத்துப் போனாள்.

அங்கே ஒரு பெண் டாக்டர். சின்னப்பொண்ணு பிள்ளையின் தலையை முழங்கை மடிப்பில் வாங்கி, கட்டைவிரலால் தாடையைப் பிடித்து, கேழ்வரகுக் கஞ்சியில் அரைக் கரண்டி வைத்தாள். தொண்டையை மெல்லத் தடவினாள். பாதி வெளியே வந்தது. துடைத்தாள். மறுபடி அரைக் கரண்டி. முதலில் கடிகாரத்தைப் பார்த்த டாக்டர், பிறகு நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"இப்படி எத்தனை வேளைம்மா?"

"மூணு வேளைங்க. தண்ணி தனி."

"நீங்க எப்ப சாப்பிடுவீங்க?"

சின்னப்பொண்ணு திகைத்து அஸ்ரப் நிஷாவைப் பார்த்தாள். "அதையும் எழுதணுமா டீச்சர்?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முகாம் சான்றில் 'உட்காருகிறான்' என்றிருந்ததைப் பார்த்தார். "நீங்க கையைக் குடுத்துத் தாங்கினா அவன் உட்காரத்தானே செய்வான்? கையை எடுத்தா என்ன ஆகும்னு பார்க்கணும்ல" என்று சொல்லி, வேறு காகிதம் எடுத்தார். 'கடுமையான பாதிப்பு, முழு நேரமும் ஒருவர் உடனிருக்க வேண்டும்.'

தொகை திரும்ப வர இரண்டு மூன்று மாதமாகும் என்றார்கள். அதுவரை எப்படிச் சமாளிப்பாள் என்று நான் கேட்டதற்கு, "உனக்கு முன்னாடியே அவ புருஷன் கேட்டாச்சு" என்றாள் அஸ்ரப் நிஷா. பஸ் ஸ்டாண்டிலிருந்தே சின்னப்பொண்ணு அவனுக்குப் போன் போட்டிருக்கிறாள்.

"நான் வரல. ரெண்டு மூணு மாசத்துல பணம் திரும்ப வந்துடும். மொளகு பறிக்க வேற ஆளப் பாத்துக்க."

"அதுவரைக்கும் துட்டு?"

"நீ குடிக்காம அனுப்பு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "சரி சரி. பையன் இன்னா பண்றான்?"

"தூங்கறான்" என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சேர்த்துச் சொன்னாள்: "நான் மடியில போட்டுக்கினு இருக்கேன். கை மரத்துப் போச்சு."