நகரத்துக்குக் கூடப் போகிறவள்

நெப்ராஸ்காவில் மாட்டிறைச்சி ஆலையை நம்பிப் பிழைக்கும் ஓர் ஊரில், புனித ப்ரொகோப் ஆலய அலுவலகத்தில் ஆர்லீன் பெகார் இருபத்திரண்டு வருஷமாகக் காரியதரிசி. ஞானஸ்நானப் பதிவேடு, ஞாயிறு அறிவிப்புத்தாள், கல்லறைத் தோட்டத்து வரைபடம் எல்லாம் அவள் பொறுப்பு. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். பிள்ளைகள் இல்லை.

யாரும் கொடுக்காத இன்னொரு வேலையும் அவளிடம் வந்து சேர்ந்திருந்தது. ஆலைத் தொழிலாளிகளில் பலருக்கு நாட்டில் தங்கக் காகிதம் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை நகரத்துக் குடிவரவு அலுவலகத்தில் ஆஜராகச் சொல்லி அவர்களில் சிலருக்கு ஓலை வரும். ஆர்லீன் அவர்களைக் கோயில் வேனில் ஏற்றிக்கொண்டு போவாள். பங்குத்தந்தை கழுத்துப்பட்டையோடு கூட வருவார், கையில் பங்கின் முத்திரை போட்ட கடிதம் இருக்கும். ஆறு வருஷத்தில் பதினேழு பேர் போனார்கள், பதினேழு பேரும் திரும்பி வந்தார்கள். கடிதத்தாலா, அதிர்ஷ்டத்தாலா என்று அவளுக்குத் தெரியாது.

பழைய சாமியார் ஓய்வு பெற்றதும் ஃபாதர் கிலியன் வந்தார். முப்பத்துநாலு வயசு. ஈஸ்டருக்கு முந்திய தபசுகாலத்தில், கோயில் வேன் இந்த வேலைக்குப் போகக் கூடாது என்று பங்குமக்களில் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு ஆயருக்கு எழுதினார்கள். 'இரக்கம் காட்டுங்கள், சட்டத்தையும் மதியுங்கள், பங்குத்தந்தையே முடிவு செய்யட்டும்' என்று ஆயர் பதில் போட்டார். ஃபாதர் கிலியன் அதைப் பங்குப் பேரவையிடம் தள்ளிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மீன்வறுவல் விருந்து முடிந்து, எண்ணெய் வாடை போகாத மண்டபத்தில் பேரவை கூடியது. முதலில் எழுந்தவன் ஆர்லீனின் தம்பி வெர்னன்தான். சோளம் போடுகிறவன். ஞாயிறுதோறும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவன்.

"எனக்கு அவங்க மேல கோபம் இல்ல," என்றான். "ஆலையில வேலை செய்யற டொமிட்டிலா கையால பூசையில நன்மை அப்பம் வாங்கியிருக்கேன். ஆனா கோயில் வேன் போனா நானும் போன மாதிரி. என்னைக் கேட்டீங்களா?"

"நீ வர்றதா இருந்தா முன்சீட்டே தர்றேன்," என்றாள் ஆர்லீன். சிலர் சிரித்தார்கள்.

"சிரிங்க. என் தாத்தா கப்பல்ல இறங்கி, பேரைக் கொடுத்து, வரிசையில நின்னு வந்தாரு."

"அவர் எனக்கும் தாத்தாதான், வெர்ன். அன்னைக்கு ஒரு வரிசை இருந்துச்சு. டொமிட்டிலா நிக்க எந்த வரிசை இருக்கு, சொல்லு."

வெர்னன் உட்கார்ந்துகொண்டான். வாக்கெடுப்பில் வேனும் கடிதமும் வேண்டாம் என்று ஒன்பது கை உயர்ந்தது, வேண்டும் என்று நாலு.

"தனிப்பட்ட முறையில யாரும் யாருக்கும் உதவலாம்," என்றார் ஃபாதர் கிலியன், தரையைப் பார்த்தபடி. "கோயில் பேர்ல வேணாம், அவ்வளவுதான்."

"கோயில் பேர் இல்லாம நான் வெறும் கிழவி, ஃபாதர்," என்றாள் ஆர்லீன்.

ஜூன் மாதம் டொமிட்டிலாவின் முறை வந்தது. குவாத்தமாலாக்காரி. பதினாலு வருஷமாக ஆலையில் எலும்பிலிருந்து கறி பிரிக்கிற வேலை, அதனால் வலதுகை விரல்கள் முழுசாக மடங்காது. மகள் மாரிசோலுக்குப் பன்னிரண்டு வயசு, இந்த ஊரிலேயே பிறந்தவள். தகப்பன் எப்போதோ விட்டுப் போய்விட்டான். ஆர்லீன் தன் சொந்தக் காரில் டொமிட்டிலாவைக் கூட்டிப் போனாள். ஒன்றரை மணிநேரப் பயணத்தில் மகளின் பல்வைத்தியர் தேதியைத் தவிர டொமிட்டிலா எதையும் பேசவில்லை.

வாசல் காவலாளி ஆர்லீனை நிறுத்தினான். "நீங்க இவங்களுக்கு உறவா?"

"கோயில்ல இருந்து வர்றேன்."

"கடிதம் ஏதாவது?"

"இல்ல."

"அப்ப இங்கயே உட்காருங்க."

இரண்டரை மணிநேரம் கழித்து ஓர் இளம் அதிகாரி பிளாஸ்டிக் பை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். உள்ளே தோடுகள், கைப்பேசி, இடுப்புவார், ஷூ நாடா. "அவங்களைக் காவல்ல வச்சிருக்கோம், இதெல்லாம் உள்ள வச்சுக்க முடியாதுங்க," என்றான், மரியாதையாகவே. பையை முன்சீட்டில் வைத்துவிட்டு அவள் காரைக் கிளப்பினாள். ஊரில் அந்தப் பிள்ளையிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தாள். கடைசியில் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பையைப் பார்த்ததுமே மாரிசோல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஐந்து வாரம் பிள்ளை ஆர்லீன் வீட்டில் இருந்தது. வக்கீல் வைத்தார்கள், மனுப் போட்டார்கள். ஒன்றும் நிற்கவில்லை. டொமிட்டிலாவை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அம்மாவிடம் போகிறேன் என்றாள் மாரிசோல், கால் வைத்தே இராத நாட்டுக்கு. விமான நிலையத்தில் ஆர்லீன் அவளைக் கட்டிக்கொண்டபோது பிள்ளை விறைத்து நின்றது.

ஆகஸ்டில் வெர்னன் ஒரு சாக்கு சோளக்கதிரோடு வாசலில் வந்து நின்றான்.

"இப்படி ஆகணும்னு நான் கை தூக்கல, ஆர்லீன்."

"தெரியும்."

"நம்ம கடிதம் இருந்திருந்தா விட்டிருப்பாங்களா?"

"தெரியல. விட்டிருக்க மாட்டாங்கன்னே வச்சுக்கோ, தூங்க வசதியா இருக்கும்."

அவன் சாக்கை இறக்கி வைத்தான். "நான் இப்ப என்ன செய்யணுங்கற?"

"செய்ய ஒண்ணும் இல்லடா."

அவன் போன பிறகும் அவள் சாக்கைத் தொடவில்லை.

ஆலைத் தொழிலாளிகளுக்கான ஸ்பானிஷ் பூசைக்கு இருநூறு பேர் வந்த இடத்தில், பயத்தில் இப்போது பதினோரு பேர்தான் வந்தார்கள். செப்டம்பரோடு அந்தப் பூசை நிறுத்தப்படுகிறது என்ற அறிவிப்பை ஆர்லீன்தான் தட்டச்சு செய்தாள்.

அந்த வாரமே ஆலையில் தோல் உரிக்கும் எவாரிஸ்தோ என்பவன் தொப்பியைக் கையில் பிடித்தபடி அலுவலகத்துக்கு வந்தான். அவனுக்கும் ஓலை வந்திருந்தது. போனால் பிடிப்பார்கள், போகாவிட்டால் வீடு தேடி வருவார்கள். பேரவைக் கூட்டம், டொமிட்டிலா எல்லாம் அவனுக்குத் தெரியும்.

"நீங்க கூட வரணும், செனோரா," என்றான்.

"நான் வந்து ஒரு பிரயோசனமும் இல்லப்பா. வாசலோட நிறுத்திடுவாங்க."

"அது தெரியும். என் வண்டிய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவர ஒரு ஆள் வேணும். பெண்டாட்டிக்கு ஓட்டத் தெரியாது."

ஆர்லீன் தேதியைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.