அப்பாவின் தோளுக்கு ஏற்ற ரப்பர்

புது ரப்பரின் வாசம் எங்கே வந்தாலும் ஒரு நொடி நின்றுவிடுகிறேன். செருப்புக் கடையானாலும் சரி, சைக்கிள் கடையானாலும் சரி. எனக்கு அது அப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்துக் கண்ணை மூடி நின்ற வாசம்.

அப்பா பிறந்தது வெள்ளகோவில் பக்கம், மழையை நம்பிய ஒரு மேட்டாங்காட்டில். ஆட்டுக்குத் தழை ஒடித்த கையில் பட்டாளம் துப்பாக்கியைக் கொடுத்தது. பனியிலும் மணலிலும் வயதைக் கழித்துத் திரும்பியவர், சொந்தமாக ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கியும் அதற்கு லைசென்சும் வாங்கி, திருப்பூர் காதர்பேட்டை அருகில் ஒரு வங்கியின் வாசலில் காவலுக்கு நின்றார். அங்கே ஒரு நாளும் அவர் சுட நேர்ந்ததில்லை. வருகிறவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பனியன் கம்பெனிக்கு வந்த பையன்களுக்குப் பட்டாளத்து இந்தியில் சலான் நிரப்பச் சொல்லிக்கொடுத்தார். அவர்களுக்கு அவர் ‘சாச்சா’, சித்தப்பா.

அம்மா போனபின் வீட்டில் குரல் என்று ரேடியோ மட்டும்தான். நான் சென்னையில் வாழ்க்கைப்பட்டவள். அவருக்கு ஒரே பிள்ளை. அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமை பிடிக்காது. “பேங்குக்கு எதுக்குத்தான் லீவு உடறாங்களோ” என்பார். தனியாக இருக்கிறேன் என்று ஒரு தடவையும் சொன்னதில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் மொபெட் சறுக்கி விழுந்து வலது காறை எலும்பு முறிந்தது. கூடியது, ஆனால் மேடு தட்டிக் கூடியது. துப்பாக்கி வெடிக்கும்போது அதன் மரக்கட்டை பின்னால் வந்து உதைக்கும் இடம் சரியாக அதுதான். வருஷத்துக்கு ஒருமுறை காவலர்கள் எல்லாரும் போலீஸ் மைதானத்தில் குறி பார்த்துச் சுட்டுக் காட்ட வேண்டும். தவறினால் துப்பாக்கி வேலை இல்லை. ஊருக்கு வெளியே, யாரும் வராத ஏடிஎம்மில் தடியோடு உட்கார வேண்டும். அப்பா அதற்குத்தான் பயந்தார்.

பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா, தூத்துக்குடிப் பக்கமிருந்து பிழைக்க வந்து பனியன் கம்பெனியில் டெய்லராக இருப்பவர். இந்த ஊரில் எந்தக் குறைக்கும் பனியன் துணிதானே மருந்து! கட்டிங் வேஸ்ட் துண்டுத்துணியைத் திணித்து, லைக்ரா துணியில் உறை தைத்துக் கட்டையின் அடியில் மாட்டிவிட்டார். “அண்ணாச்சி, ஒங்க துப்பாக்கிக்கும் பனியன் போட்டாச்சு! இனி அதுக்குக் குளிராது” என்றார். அப்பாவும் அதை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போய்விட்டார். துணிமேல் துணி வழுக்கியது. கட்டை தோளைவிட்டுக் கைப்புஜத்தில் இறங்கி உதைத்தது. திணித்த வேஸ்ட் முதல் உதையிலேயே அமுங்கிப்போனது. குண்டு எங்கோ போயிற்று. அதிகாரி நல்லவர், அடுத்த மாதம் இன்னொரு வாய்ப்புத் தந்தார்.

விஷயம் கேட்டு நான் ஊருக்கு ஓடிவந்தேன். துப்பாக்கியை உறையில் போட்டு எடுத்துக்கொண்டு, இருவரும் கோயம்புத்தூரில் ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனோம். கடைக்காரர் முதலில் பார்த்தது அப்பாவின் சட்டையை.

“யூனிபார்ம் போட்டுட்டு வந்திருக்கலாமுங்க. சுடறப்ப போடற சட்டையோடதான் அளவு பாக்கோணும்.”

“பையில இருக்குதுங்க” என்று அப்பா அங்கேயே மாற்றிக்கொண்டார்.

கட்டையின் அடியில் பொருத்தி உதையைத் தாங்கும் ரப்பர் மெத்தைகள் மூன்றை மேசைமேல் வைத்தார். மெல்லியது கல்மாதிரி இருந்தது. உதையை அப்படியே எலும்புக்குக் கொடுத்துவிடும். இன்னொன்று பஞ்சுபோல மெத்தென்று இருந்தாலும், துப்பாக்கியைத் தூக்கும்போது சட்டையைக் கவ்விக்கொண்டு அக்குளிலேயே நின்றது. மூன்றாவது தடிமனானது, உள்ளே காற்றறைகள் வைத்தது, மேல்பக்கம் வழவழப்பு. அப்பா கண்ணை மூடித் தூக்கினார். தோளில் போய்த் தானாக உட்கார்ந்தது. ஆனால் ரப்பரின் கனத்தில் துப்பாக்கி நீண்டு, விசைக்கு விரல் எட்டவில்லை.

“மரத்துல அரை அங்குலம் அறுத்துட்டா சரியாப் போயிருமுங்க. ஒண்ணுதான், அப்புறம் வேற ஆளு கைக்கு ஒத்து வராது. விக்கறதும் கஷ்டம். யோசிச்சுச் சொல்லுங்க.”

“எனக்கப்புறம் யாருங்க தூக்கப் போறாங்க? அறுங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. “ஏனுங்கப்பா, நான் தூக்க மாட்டனா?”

“நீ வர்றது தீவாளிக்கும் பொங்கலுக்கும். அன்னிக்குப் பாத்துத் திருடன் வரோணுமே கண்ணு!”

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் கட்டையை இடுக்கியில் மாட்டி அறுக்க ஆரம்பித்தார். மரத்தூள் அப்பாவின் பூட்ஸ்மேல் விழுந்தது. அவர் தட்டிவிடவில்லை.

அடுத்த மாதம் அவர் சுட்ட அன்று தொலைபேசியில், “குறி பட்டுச்சுங்களா அப்பா?” என்றேன்.

“பட்டுச்சு. நாளைக்கு டூட்டி” என்று வைத்துவிட்டார். என் அப்பா அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதில்லை.

அதன்பின் வேலை வயது முடியும்வரை அந்த வாசலில் நின்றார். ஓய்வு பெற்றதும் துப்பாக்கியைத் தானே கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தார். பிறகு வந்த நாட்கள் எல்லாமே அவருக்கு ஞாயிற்றுக்கிழமையாயின. நெஞ்சில் சளி கட்டியது, உடம்பு சுருங்கியது.

அப்பாவை மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய எஸ்தர் அக்காவுக்கும் அவர் வீட்டாருக்கும், ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன அந்த வடநாட்டுப் பையன்களுக்கும், காடு வரை கூடவே நடந்த உறவுகளுக்கும், வங்கி நண்பர்களுக்கும், அப்பாவின் இந்த முதலாண்டு நினைவு நாளில் கைகூப்புகிறேன். நீங்கள் அவரோடு பேசிய ஒவ்வொரு பேச்சும் எனக்குச் செய்த உதவி.

கடைசியாக நான் வந்திருந்தபோது பஸ் நிறுத்தம்வரை மெதுவாக நடந்து வந்தார். எப்போதும் நேரமாச்சு, நேரமாச்சு என்று என்னை விரட்டி ஏற்றுகிறவர், அன்று பஸ் வந்து நின்றபோது என் பையை விடவில்லை.

“அடுத்த பஸ்ஸுக்குப் போலாமில்ல கண்ணு?”

உட்கார்ந்தேன். தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். அடுத்த பஸ்ஸும் வந்தது. அவரே எழுந்து பையைக் கொடுத்தார்.

“செரி, இதுல போ. இன்னைக்கு ரொம்ப நேரம் இருந்துட்டே.”