ஒரே கோடையின் தண்ணீர்

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் ஆண்டில் நான் பெரும்பாலும் யாருடனும் பேசவில்லை. காட்பாடியில் விடுதி. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றங்கரைக் கிணறுகளை எப்படி மாற்றுகிறது என்பது என் தலைப்பு. அதுவரை வந்த ஆய்வுகளைப் படித்து, அவற்றை மதிப்பிட்டு ஓர் அத்தியாயம் எழுத வேண்டும். எங்கள் ஆய்வறையில் இருந்த மற்ற மூவருக்கும் பேட்டரிதான் ஆராய்ச்சி. பேச்சும் அதுதான். சாப்பிடவும் மூவராகவே போவார்கள்.

அம்மா ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்வாள்.

“நாள் பூரா இன்னாதான் பண்ற?”

“படிக்கிறேம்மா.”

“படிச்சி முடிச்சிட்டுதானே அங்க போன?”

ஆறு மாதம் கழித்து அத்தியாயத்தை என் ஆய்வுக்கு வழிகாட்டும் கைடிடம் கொடுத்தேன். நின்றபடியே புரட்டினார்.

“இது வெறும் லிஸ்ட்டும்மா. இவர் இப்படிச் சொன்னார், அவர் அப்படிச் சொன்னார். யாரு யாரை நம்பி எழுதியிருக்காங்கன்னு பாத்தியா?”

பார்க்கவில்லை. அன்றே சார்ட் வாங்கி விடுதிச் சுவரில் ஒட்டினேன். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு கட்டம். அது யாரை ஆதாரம் காட்டுகிறதோ அங்கே ஓர் அம்பு. பல வாரம் கோடு போட்டேன். கிணறுகளில் உப்பு ஆண்டு முழுவதும் ஏறியே இருக்கிறது என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தின் அம்புகளைப் பின்தொடர்ந்தால், எல்லாம் ஒரு பழைய எம்.ஃபில் ஆய்வேட்டில் போய் நின்றன.

ஒரு கல்லூரி நூலகத்தில் அதன் ஒரே பிரதி கிடைத்தது. கடைசி அத்தியாயத்தில் தெளிவாக எழுதியிருந்தது: தண்ணீர் எடுத்தது ஒரே ஒரு கோடையில், மழைக்காலம் பற்றி எதுவும் சொல்ல முடியாது.

எழுதியவர் இப்போது ஜோலார்பேட்டையில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை என்று கல்லூரி அலுவலகத்தில் சொன்னார்கள். சனிக்கிழமை ரயில் ஏறிப் போனேன். அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சார்ட்டை விரித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார்.

“இவங்கெல்லாம் என் தீசிஸைப் படிச்சாங்களா?”

“ஒருத்தர் மட்டும்தான் மேடம் உங்க பேரைப் போட்டிருக்காரு. மத்தவங்க அவரைப் பாத்து எழுதியிருக்காங்க.”

“அவரும் கடைசி அத்தியாயத்தைப் படிக்கல போலிருக்கு.” சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. “மழைக்காலத்துலயும் எடுக்கணும்னு கேட்டேன்மா. அதுக்குள்ள கல்யாணம் வெச்சிட்டாங்க. உட்டுட்டேன்.”

இருவரும் டீ குடித்தோம்.

அத்தியாயத்தை முழுக்கத் திருப்பி எழுதினேன். அவர் ஆய்வேட்டையும், அது சொல்லாமல் விட்டதையும் முதலில் வைத்தேன். மழைக்காலத் தண்ணீர் என் ஆய்வானது. கைடு, “இப்பதான் இது ரிவ்யூ,” என்று கையெழுத்துப் போட்டார். ஆய்வறையில் அதைச் சொல்ல யாரும் இல்லை. மூவரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

ஆசிரியைக்கு ஒரு பிரதி அனுப்பினேன். இரண்டு வாரம் கழித்து வாட்ஸ்அப்பில் பதில் வந்தது: “முழுசா படிச்சேன். மூணாவது பக்கத்துல தென்கரைன்னு போட்டிருக்க. அந்தக் கிணறு வடகரை.”

திருத்தினேன். நன்றி சொல்லப் போன் செய்தேன். வகுப்பில் இருந்தார் போல, எடுக்கவில்லை. அந்தச் செய்தியை மட்டும் இன்னும் இரண்டு முறை படித்தேன்.